“ரெண்டு சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள் செஞ்சது”: ஃபோக்ஸ்வாகனில் முடிவெடுத்தது யார்?

2015 அக்டோபர் 8 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கக் கிளைத் தலைவர் மைக்கேல் ஹார்னை விசாரித்தது. டீசல் கார்களில் மோசடி மென்பொருளை வைக்க முடிவெடுத்தது யார் என்பதுதான் கேள்வி. அவர் பதிலின் சாரம் இதுதான்: எனக்குத் தெரிந்தவரை இது கம்பெனி எடுத்த முடிவு இல்லை, எந்த போர்டு மீட்டிங்கும் இதற்கு ஒப்புதல் தரவில்லை, ரெண்டு சாஃப்ட்வேர் எஞ்சினியர்கள் என்ன காரணத்துக்கோ இதை உள்ளே போட்டுவிட்டார்கள்.

கோடு எழுதிப் பிழைக்கிற யாருக்கும் இதைக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். ஸ்க்ரீனில் ஒரு பட்டனோட கலரை மாத்தவே நாலு பேர்கிட்ட ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கு. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் போன கோடு, இத்தனை வருஷமா, ரெண்டு பேரோட ரகசியமா?

ஆனால் சிரிச்சுட்டு விட்டுடவும் முடியாது. பெரிய கம்பெனியில் “வாங்க, ஏமாத்துவோம்” என்று தீர்மானம் எழுதி யாரும் கையெழுத்து போடுவதில்லை. அப்படின்னா அந்த முடிவு எங்கே, எப்படி எடுக்கப்படுது? ஃபோக்ஸ்வாகன் விஷயத்தில் இதைப் படிப்படியாகவே பார்க்கலாம். 2017-ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, நடந்ததை விவரிக்கும் ஒரு அறிக்கையையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கீழே சொல்கிற உள்விவகாரங்களில் பெரும்பாலானவை அதில் உள்ளவை.

முடியாது என்று சொல்ல இடமில்லாத இலக்கு

டீசல் எஞ்சினில் நைட்ரஜன் ஆக்சைடு அதிகமா வரும். சூடு கூடினால் எரிபொருள் நல்லா எரியும், மைலேஜ் கிடைக்கும், ஆனால் இந்த வாயுவும் கூடும். இதைக் குறைக்க அமெரிக்கா வைத்த வரம்பு மைலுக்கு 0.07 கிராம். ஐரோப்பாவில் 2009-க்குப் பிறகு வந்த யூரோ 5 வரம்போடு ஒப்பிட்டால்கூட இது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு.

இதைச் சாதிக்க வழிகள் இல்லாமல் இல்லை. யூரியா கரைசலைப் புகையில் தெளிக்கலாம். அதற்குத் தனி டேங்க் வேணும், செலவு கூடும், அடிக்கடி நிரப்பணும். இல்லையென்றால் வாயுவைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வைக்கலாம். அதைச் சுத்தம் பண்ண கூடுதல் டீசல் எரியும், மைலேஜ் குறையும், புகைக்கரியைப் பிடிக்கிற பாகமும் சீக்கிரம் தேயும். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகணும்.

2006-ல் எஞ்சின் பிரிவில் இருந்தவர்களுக்கு, கொடுத்த பட்ஜெட்டுக்குள், கொடுத்த நாளுக்குள், வாடிக்கையாளர் விரும்பும் கார் இந்த வரம்புக்குள் வராது என்பது புரிந்துவிட்டது. அந்த இடத்தில் “வராது” என்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதிலை மேலே கொண்டுபோவதற்குப் பதிலாக, கார் டெஸ்டில் இருப்பதைக் கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியது, அந்த வருஷமே கீழ்மட்ட எஞ்சினியர்கள் சிலர் இது சரியில்லை என்று ஆட்சேபித்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்ட மேலதிகாரி வேலையைத் தொடரச் சொன்னார். மாட்டிக்காதீங்க என்கிற அர்த்தத்தில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொன்னார். ஆக, எதிர்ப்பு இருந்தது, அது ஒரு மீட்டிங் ரூமோடு முடிந்துபோனது.

பெயர் வைப்பதில் இருக்கிற சூட்சுமம்

கார் டெஸ்டில் இருக்கா, ரோட்டில் போகுதா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? டெஸ்டில் சக்கரம் உருளைமேல் சுத்தும், ஸ்டீரிங் திரும்பாது. வேகம் கூடுவதும் குறைவதும் முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி நடக்கும். ஸ்டீரிங் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் இவற்றை வைத்து கணக்குப் போட்டது அந்தக் கோடு. டெஸ்ட் என்று தெரிந்தால் முழு சுத்திகரிப்பு. இல்லையென்றால் வேறு ஒரு கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் நோட்டீஸ்படி ரோட்டில் வெளியான வாயு வரம்பைப்போல 40 மடங்கு வரை போனது.

இதன் மூல யோசனை ஆடியிலிருந்து வந்தது. அங்கே அதை “அக்கூஸ்டிக் ஃபங்ஷன்”, அதாவது ஒலி சம்பந்தப்பட்ட வசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீசல் எஞ்சினோட கடகட சத்தத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு என்று கணக்கு. “டெஸ்ட் ஏமாத்து வசதி” என்று பெயர் வைத்திருந்தால் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்? பெயர் மாறியதும் அது இன்னொரு ஃபங்ஷன், இன்னொரு வேலை, அவ்வளவுதான்.

ஏமாத்துக்கு ஒரு பக் ஃபிக்ஸ்

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இதுதான். 2012 வாக்கில் சில கார்களில் பாகங்கள் பழுதாக ஆரம்பித்தன. கார் ரோட்டில் போகும்போதும் டெஸ்ட் நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது, அதனால் சுத்திகரிப்பு பாகங்கள் அளவுக்கு மீறி உழைக்கின்றன என்று எஞ்சினியர்கள் சந்தேகப்பட்டார்கள். அதாவது, ஒழுங்காக நடப்பதுதான் அங்கே பக்!

தீர்வு? ஸ்டீரிங் திரும்பும் கோணத்தை வைத்து இன்னும் துல்லியமாக டெஸ்டைக் கண்டுபிடிக்கும்படி கோடை மேம்படுத்தினார்கள். விஷயத்தைப் படம் போட்டு விளக்கிய ஆவணத்தைப் பார்த்த மேலதிகாரிகள், தொடர்ந்து மறைக்க ஊக்கம் கொடுத்ததோடு, அந்த ஆவணத்தை அழிக்கவும் சொன்னார்கள். பழுது வந்தது, காரணம் கண்டுபிடித்தோம், சரி செய்தோம் என்று ஒரு எஞ்சினியரின் அன்றாட வேலை மாதிரியேதான் இருக்கு. முதல் நாள் மனசு உறுத்தியது ஆறு வருஷத்தில் பராமரிப்பு வேலை ஆகிவிட்டது.

கணக்கு கேட்டவர்கள்

பிடித்தது பெரிய உளவுத்துறை இல்லை. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன ஆய்வுக் குழு, ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான நிதி. டேன் கார்டர் தலைமையில் மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அரவிந்த் திருவேங்கடம் ஆகியோர் வேலை செய்தார்கள். கடைசிப் பெயரே ஊரைச் சொல்லும். 2013-ல் அளவுக்கருவியை காரின் பின்பக்கம் ஏற்றி நிஜ ரோட்டில் ஓட்டினார்கள். ஜெட்டா வரம்பைப்போல 15 முதல் 35 மடங்கு, பஸாட் 5 முதல் 20 மடங்கு வாயுவை விட்டது. அவர்கள் யாரையும் மாட்டிவிடக் கிளம்பவில்லை. அமெரிக்காவில் டீசல் எவ்வளவு சுத்தமாக ஓடுது என்று பார்க்கத்தான் போனார்கள்.

2014 மே மாதம் அறிக்கை வந்தது. அப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கம்பெனி ஒரு வருஷத்துக்கு மேல் தொழில்நுட்பக் காரணங்கள் சொல்லிக்கொண்டே இருந்தது. சரி செய்கிறோம் என்று கார்களைத் திரும்ப அழைத்து புது மென்பொருளும் போட்டது. கலிஃபோர்னியா அதிகாரிகள் மறுபடியும் அளந்தார்கள், ஓரளவு குறைந்திருந்தாலும் வரம்புக்குள் வரவில்லை. 2015 செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனி ஒப்புக்கொண்டது, 18-ஆம் தேதி நோட்டீஸ் வெளியானது. அதற்கு முன் உள்ளே சுமார் 40 ஊழியர்கள் ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்திருந்தார்கள்.

சிறைக்குப் போனது யார்?

ஜேம்ஸ் லியாங் என்ற எஞ்சினியருக்கு 2017 ஆகஸ்டில் 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தது. விசாரணைக்கு ஒத்துழைத்தவர் அவர். அரசுத் தரப்பு கேட்டதைவிட நீதிபதி அதிகமாகவே கொடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் மேலாளர் ஆலிவர் ஷ்மிட்டுக்கு ஏழு ஆண்டு. ஆடியின் முன்னாள் தலைவர் ரூபர்ட் ஸ்டாட்லருக்கு ஜெர்மனியில் 2023-ல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 11 லட்சம் யூரோவும், அதாவது அந்தத் தண்டனைக்காகச் சிறைக்குப் போகவில்லை. ஃபோக்ஸ்வாகன் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் 2015 செப்டம்பர் 23-லேயே விலகினார், தனக்குத் தெரிந்து எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு. அவர் மீதான விசாரணை 2024-ல்தான் தொடங்கியது, அதுவும் பாதியில் நின்றது. கம்பெனிக்கு ஆன மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது.

இதில் ரெண்டு விஷயம் தெரியுது. ஒன்று, “மேலே சொன்னாங்க, செஞ்சேன்” என்பது கோடு எழுதினவரைக் காப்பாற்றாது. அவர் விரல் தடம் கோடில் இருக்கு. இரண்டு, மேலே போகப்போக தடம் மங்கும். ஏன்னா மேலிருப்பவர் கொடுப்பது இலக்கும் தேதியும்தான். “எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்” என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்தச் செய்தி கீழே வந்து சேர்ந்துவிடும். இலக்கு மேலிருந்து இறங்குது, பழியும் இறங்குது. ஏற வேண்டிய ஒன்று, கீழே இருப்பவன் சொன்ன “முடியாது”, அது மட்டும் ஏறுவதில்லை.

அதனால நிர்வாக நெறி என்றதும் சுவரில் ஒட்டிய கொள்கைப் பட்டியலைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். நான் பார்ப்பது மூணு விஷயம். “இந்தத் தேதிக்குள் சட்டப்படி முடியாது” என்று ஒருவர் எழுதினால், தேதியை மாத்துற அதிகாரம் உள்ளவர் கைக்கு அது போகுமா? போனால், படித்தேன், இன்னின்ன காரணத்தால் தொடரச் சொல்கிறேன் என்று அவர் பெயரோடு பதில் எழுதணுமா? நாம் செய்கிற வசதியை அதோட உண்மையான பெயரில் கூப்பிட முடியுதா?

2006-ல் அந்த எஞ்சினியர்களின் ஆட்சேபம் எழுத்தில் இருந்து, தொடரச் சொன்னவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், அவர் பேனாவை எடுத்திருப்பாரா? எடுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். டீசல் கார் அமெரிக்காவுக்குக் கொஞ்சம் தாமதமாக, யூரியா டேங்க்கோடு, கொஞ்சம் கூடுதல் விலைக்குப் போயிருக்கும். அவ்வளவுதான் நஷ்டம்.