முற்றத்துச் சாய அண்டாவும் மின்சாரமும்

நூற்சிட்டங்களுக்குச் சாயம் ஏற்றுவது வீட்டிற்குள் செய்யக்கூடிய வேலையன்று. ஈரமும் ஆவியும் சாயநீரும் மிகுந்த வேலையாதலால் முற்றத்திலோ கொல்லைப்புறத்திலோதான் அது நடைபெறுகிறது. விறகடுப்பில் அண்டாவை ஏற்றி நீர் காய்ச்சிய இடங்களில் இப்பொழுது மின்சார ஹீட்டரும் வந்து சேர்ந்திருக்கிறது. புகை இல்லை; சூட்டையும் அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈரமான வெட்டவெளிக்கு மின்சாரத்தைக் கொண்டு வரும்பொழுது என்னென்ன ஏற்பாடுகள் தேவை என்பதை அங்கத்தினர் பலர் அறிந்திலர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்ற சமயம், கடனில் வாங்கிய தளவாடங்களைக் காணும் பொருட்டு ஓர் அங்கத்தினர் வீட்டிற்குச் சென்றேன். முற்றத்தில் செம்பு அண்டா. அதனுள் 2,000 வாட் ஹீட்டர். கூடத்திலிருந்து ஜன்னல் வழியே வந்த ஒயர், நடுவே டேப் சுற்றிய இணைப்புடன், சாயநீர் தேங்கிய தரையில் கிடந்தது. "அண்டாவைத் தொட்டால் சில சமயம் சுருக்கென்று இருக்கும் சார். உலர்ந்த துணி போட்டுப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பியூஸ் போகவில்லையே, பெரிய பழுது ஒன்றும் இருக்காது" என்றார் அவர். சிட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவியார். வெறுங்காலுடன் ஈரத்தில் நின்றிருந்தார். ஹீட்டரை உடனே நிறுத்தச் சொன்னேன்.

பியூஸ் போகாதிருப்பதே பத்திரத்திற்கு அடையாளம் என்ற எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஆகையால் அதனை முதலில் ஆராய்வோம்.

பியூஸ் எதைக் காக்கிறது?

பியூஸ் கம்பியும், அதற்குப் பதிலாக இப்பொழுது வைக்கப்படும் எம்.சி.பி.யும், ஒயர் தாங்கும் அளவிற்கு மேல் மின்னோட்டம் செல்லும்பொழுது அதனைத் துண்டிப்பவை. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் வரையில் வாளாவிருக்கும். மனித உயிரைப் போக்க அத்தனை மின்சாரம் வேண்டியதில்லை. ஓர் ஆம்பியரில் 1,000-இல் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர் ஆகும். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் கை வழியே பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமற் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டது நீடித்துப் பாய்ந்தால் இதயத் துடிப்புக் குலைந்து உயிருக்கு அபாயம் நேரலாம்.

ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடையை 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அவர் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். 16 ஆம்பியரில் இது சுமார் எழுபதில் ஒரு பங்கு. எம்.சி.பி. இதனை உணரவே உணராது. பியூஸ் ஒயரைக் காப்பது, ஆளைக் காப்பதன்று.

எர்த் மட்டும் போதுமா?

உலோக அண்டாவை எர்த் கம்பியுடன் இணைத்தல் கட்டாயமானது. ஆயினும் அது மட்டும் போதாது. உப்பும் கரியும் இட்டுப் புதைத்த எர்த் குழாயின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டர் பழுதுற்று மின்சாரம் அண்டாவில் இறங்கினால், 230-ஐ 20-ஆல் வகுக்க, 11.5 ஆம்பியரே மண்ணிற் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கும் விழாது, அண்டாவில் மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும்.

எர்த் குழி இல்லாத வீடுகளில் சாக்கெட்டின் எர்த் முனையை நியூட்ரலுடன் சேர்த்துக் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் அண்டா முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். இதனை ஒருபோதும் செய்யலாகாது.

ஆளைக் காக்கும் கருவி

ஆளைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். சங்கத்துப் பேரேட்டில் பற்றும் வரவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது போல, ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்புகிறதா என்று இது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது வேறு வழியில் கசிகிறது என்று கொண்டு 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும். கசிவு பெரிதாயின் 0.04 வினாடியே போதும். மேலே கூறிய 11.5 ஆம்பியர் கசிவில், அண்டாவை எவரும் தொடுமுன்னரே இது விழுந்துவிடும்.

கருவியின்மேல் 30 மில்லி ஆம்பியர் என்று குறித்திருக்க வேண்டும். 100, 300 என்று குறித்தவை தீ விபத்தைத் தடுக்க உதவுமேயன்றி ஆளைக் காக்கப் போதா. அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்றுக. ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருங்கே தொட்டுவிட்டால் இக்கருவி அதனை அறியாது. ஒயரின் மிகைச் சுமையையும் இது கவனிக்காது. ஆகையால் எம்.சி.பி., எர்த், இக்கருவி ஆகிய மூன்றும் வேண்டும்.

ஒயரும் சாக்கெட்டும்

2,000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் சாக்கெட்டே வேண்டும். 50 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 60 பாகை சென்டிகிரேடிற்கு உயர்த்த ஏறத்தாழ 1¾ யூனிட் செலவாகும். அதாவது ஒரு மணி நேரம் ஒயர் முழுச் சுமையைத் தாங்கியாக வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் சுமார் 88 வாட் வெப்பமாக மாறும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயராயின் 36 வாட்தான். மிகுதி ஒயரைச் சுருளாக வைத்திருந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். ஆகையால் ஒயரை முழுவதும் விரித்தே பயன்படுத்துக.

ஒயர் மூன்று கம்பிகள் உடையதாகவும் இடையில் இணைப்பு இல்லாததாகவும் இருக்கட்டும். மூடியுள்ள, நீர்த்துளி புகாத சாக்கெட்டைச் சுவரில் மார்பளவு உயரத்தில், தாழ்வாரத்தின் கீழ் அமைக்கலாம். ஒயர் சாக்கெட்டிற்குக் கீழே தாழ்ந்து வளைந்து, பிறகு மேலேறிப் பிளக்கை அடையுமாறு விட்டால், வழிந்து வரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். இவ்வேலைகளை உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

சாயம் இடும் முறை

சாயநீரில் இடும் உப்பும் சோடாவும் நீரின் மின்கடத்தும் தன்மையைப் பெருக்கும். ஹீட்டரின் உறையையும் நாளடைவில் அரிக்கும். ஆகையால் முதலில் வெறும் நீரையே சூடாக்குக. பின்பு ஸ்விட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றி, சில நிமிஷங்கள் சென்றபின் ஹீட்டரை வெளியே எடுத்துவிட்டே, சாயத்தையும் உப்பையும் இட்டுச் சிட்டங்களை இறக்கவேண்டும். ஸ்விட்சை மட்டும் நம்பலாகாது. அது தவறுதலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பின்னும் ஹீட்டரில் மின்சாரம் இருக்கும்.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைக் கையால் தொடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே அணுகுங்கள். மூச்சு நின்றிருந்தால் 108-க்குச் சொல்லியனுப்பி, ஆம்புலன்ஸ் வரும் வரையில் மார்பின் நடுவே நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு அழுத்திக்கொண்டிருங்கள்.

நான் கண்ட அந்த வீட்டில் ஒயர்மேன் சோதித்தபொழுது, ஹீட்டரின் உறை அரித்து ஓட்டை விழுந்திருந்தது. கூடத்துச் சாக்கெட்டின் எர்த் முனையில் கம்பியே கட்டப்படவில்லை. அந்த ஹீட்டருக்குக் கடன் அளித்த பொழுது சங்கம் ஹீட்டரின் விலையை மட்டுமே மதிப்பிட்டிருந்தது. இனித் தளவாடக் கடன் வழங்கும் சங்கங்கள், 30 மில்லி ஆம்பியர் கருவி, எர்த் குழி, தக்க ஒயர் ஆகியவற்றின் செலவையும் கடன் தொகையிலேயே சேர்த்து, அவை பொருத்தப்பட்டதை நேரில் பார்த்த பிறகே ஹீட்டரை ஒப்படைக்குமாறு தீர்மானம் நிறைவேற்றுதல் நலம்.