சிவப்பெல்லாம் நெருப்பா?

"ஜப்பானுக்கு அடியில் இவ்வளவு நெருப்பா?" பசிபிக் கடலடித் தட்டு, பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டிலுக்குள் சரிந்து இறங்குவதைக் காட்டும் சிவப்பு, நீலப் படம் எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

அது நெருப்பு இல்லை. மேல் மேன்டில் கிட்டத்தட்ட முழுக்கத் திடப்பாறை. திரவத்துக்குள் போகவே முடியாத, நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் அதற்குள் தாராளமாகப் போய்வருகின்றன. படத்தில், நிலநடுக்க அலை வழக்கத்தைவிட மெதுவாகப் போகும் இடம் சிவப்பு, வேகமாகப் போகும் இடம் நீலம். வித்தியாசமும் பெரும்பாலும் சில சதவீதம்தான்.

பசிபிக் தட்டு ஆண்டுக்கு 8 முதல் 9 சென்டிமீட்டர் வடகிழக்கு ஜப்பானுக்கு அடியில் நகர்கிறது. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறிக் குளிர்ந்த பாறை, உள்ளே போனதும் சட்டென்று சூடேறிவிடாது. குளிர்ந்த பாறையில் அலை விரைந்து ஓடும், அதனால் நீலம். தட்டு சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, அதிலிருந்து வெளியேறும் நீர் மேலே உள்ள மேன்டிலின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறையில் ஒரு சிறு பங்கு உருகி எரிமலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. படத்தில் சிவப்பாகத் தெரிந்தாலும் அங்கேயும் பெரும்பகுதி திடப்பாறைதான். சிவப்பைப் பார்த்ததும் தீக்குழம்பு ஏரியைக் கற்பனை செய்ய வேண்டாம்!

இதைவிட வியப்பான சங்கதி ஒன்று உண்டு. ஜப்பான் கடலுக்கு அடியில், பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் நிலம் நடுங்கினால், நேர் மேலே இருக்கும் கரை அவ்வளவாக ஆடாது. தொலைவில் உள்ள பசிபிக் கரைதான் ஆடும். குளிர்ந்த தட்டு அலையை வலு குறையாமல் அந்தக் கரைக்குக் கொண்டுபோகிறது. எரிமலைகளுக்கு அடியில் இருக்கும் சூடான மேன்டிலோ அதன் வலுவை உறிஞ்சிவிடுகிறது. படமே பார்க்காதவர்களும் காலடியில் உணரக்கூடிய சான்று இது.

படத்துக்கான தரவு வரும் இடமும் சொல்ல வேண்டியதே. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான் அமைத்த ஹை-நெட் நிலநடுக்கக் கண்காணிப்பு வலையமைப்பில் சுமார் 800 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 100 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதன் அடியில் கருவியை இறக்கியிருக்கிறார்கள். லாரி, ரயில், காற்று என்று மேலே நடக்கும் அதிர்வுகளிலிருந்து அதைக் காப்பாற்ற அவ்வளவு பாடு.

இனி, படத்தை வாசிக்கும் முறை சுருக்கமாக. முதலில் நிற அளவுகோலின் எண்கள்: 2 சதவீதமும் 6 சதவீதமும் ஒரே சிவப்பில் வரக்கூடும். அடுத்து, கருவிகள் எங்கே இருக்கின்றன என்பது. கடல் பக்கம் கருவி குறைந்தால் படம் மங்கும். 2011 நிலநடுக்க, சுனாமிப் பேரழிவுக்குப் பின் கடலடியில் கேபிளில் கோத்த 150 நிலையங்கள் அந்தக் குறையையும் ஓரளவு தீர்க்கின்றன. கடைசியாக, சதுரங்கப் பலகைச் சோதனை: கட்டம் கட்டமான பொய் மாதிரி ஒன்றைக் கணக்கில் கொடுத்தால், அதே கட்டங்கள் திரும்பி வருகின்றனவா? வராத பகுதியில் சிவப்பையும் நம்பக்கூடாது, நீலத்தையும் நம்பக்கூடாது.