கள்ளியின் நீர்

தாம்பரத்தை அடுத்த வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள் பாறையும் முட்புதரும் நிறைந்தவை. இத்தகைய வறண்ட நிலங்களில் கோடையிலும் பசுமை மாறாது நிற்கும் இயல்புடையது கள்ளி.

அமெரிக்காவிலிருந்து வந்து தமிழகத்தில் பரவிய சப்பாத்திக்கள்ளியின் இலைபோன்ற பகுதி உண்மையில் தண்டே ஆகும். இலைகள் முட்களாக உருமாறியமையால் ஒளிச்சேர்க்கையைத் தண்டே மேற்கொள்கிறது. அதன் மேலுள்ள மெழுகுப்படலம் நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. தண்டின் நுண்துளைகள் பகலில் மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை ஏற்கின்றன. மண்ணின் மேற்பரப்பில் படர்ந்த வேர்கள் மழைநீரை விரைந்து உறிஞ்ச, தண்டின் திசுக்கள் அதனைக் கொழகொழப்பான பசையோடு பிணைத்துச் சேமிக்கின்றன.

அந்நீரைப் பருகலாமா? அது குடத்து நீர் அன்று. பசையும் அமிலமும் கலந்த சாறு. சப்பாத்திக்கள்ளியில் ஆக்சலேட்டு உப்புகள் மிகுதி. வேறு சில வகைகளில் நச்சுப்பொருள்களும் உள்ளன. மிகுதியாகப் பருகினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நேர்ந்து, பெற்ற நீரினும் மிகுந்த நீரை உடல் இழக்கக்கூடும். நுண்முட்களை நீக்கிய அதன் பழமோ உண்ணத்தக்கது.

தமிழில் ‘கள்ளி’ என்னும் பெயர் இருவேறு தாவரக் குடும்பங்களுக்கும் வழங்குகிறது. சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தவை. ஒடித்தால் பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். ஆகவே, பெயரை நம்பிக் கள்ளியில் நீர் தேடுவது தாகத்தைத் தணிக்காது. உயிருக்கு இடரே விளைக்கும்.