தலைக்கு மேலே ஒரு பூங்கா

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரம் நியூயார்க். ஒரு காலத்தில் அங்கே சரக்கு ரயில் தெருவிலேயே ஓடியது. ரயிலில் அடிபட்டுப் பலர் இறந்தார்கள். அந்தத் தெருவை மக்கள் 'சாவுத் தெரு' என்றே அழைத்தார்கள். ரயிலுக்கு முன்னால் ஒருவர் குதிரையில் போவார். கொடி காட்டி எல்லோரையும் விலகச் சொல்வார்.

இதற்காகத் தெருவுக்கு மேலே நீண்ட பாலம் கட்டினார்கள். 1934-இல் பாலத்தின் மேல் ரயில் முழு அளவில் ஓடத் தொடங்கியது. இறைச்சியும் பாலும் கிடங்குகளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தன.

பிறகு லாரிகள் பெருகின. ரயிலுக்கு வேலை குறைந்தது. 1980-இல் கடைசி ரயில் ஓடியது. பாலம் சும்மா கிடந்தது. காற்றில் வந்த விதைகள் தண்டவாளத்தின் நடுவே முளைத்தன. புல்லும் பூவும் தானாக வளர்ந்தன.

பாலத்தை இடிக்க வேண்டும் என்றார்கள் பக்கத்து நில உரிமையாளர்கள். ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் வேண்டாம் என்றார்கள். 1999-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மக்களைத் திரட்டினார்கள். வழக்கும் போட்டார்கள். பாலம் தப்பியது.

2009-இல் அதன் மேல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பெயர் ஹை லைன். இன்று அதன் நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். நுழையக் கட்டணம் இல்லை. பழைய தண்டவாளங்களைச் செடிகளுக்கு இடையே இன்றும் பார்க்கலாம்.

ஆனால் பூங்கா வந்ததும் சுற்றிலும் நிலத்தின் விலை ஏறியது. வாடகையும் ஏறியது. ஏழைகள் அங்கே குடியிருப்பது கடினமாகிவிட்டது.

பூங்கா எல்லோருக்கும் பொது. அதன் பக்கத்தில் ஏழைகளும் வாழ வழி வேண்டாமா?

உங்கள் ஊரில் சும்மா கிடக்கும் பொது இடம் எது? அதை எப்படிப் பயன்படுத்தலாம்? கலந்து பேசுங்கள்.