விலைச்சீட்டை மூடினால் மூக்கு பேசும்

ஓபிஎஸ்வி, ஓபிஎஸ்கே, ஓஇஎஸ்கே. நாளிதழின் அரசியல் பக்கத்தில் வரவேண்டிய பெயர்ச்சுருக்கங்கள் போலத் தெரிந்தாலும், இவை மூன்றும் ஒரு விஸ்கியின் செய்முறைக் குறியீடுகள். அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில், லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஃபோர் ரோசஸ் என்ற பழைய வடிப்பாலை இருக்கிறது. 2013இல் தன் 125ஆம் ஆண்டைக் கொண்டாட அது ஒரு ‘லிமிடெட் எடிஷன்’ வெளியிட்டது. 18 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்த ஓபிஎஸ்வியையும், 13 ஆண்டுகள் கிடந்த மற்ற இரண்டையும் கலந்து உருவாக்கிய போர்பன் அது. (நம் ஊர் போர்பன் பிஸ்கட்டில் இது ஒரு சொட்டும் கிடையாது, பெயர்தான் ஒன்று.)

இப்படிப்பட்ட போர்பனை மதிப்பிடுகிறவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால் வனிலா, தேங்காய், கிராம்பு, வெல்லப்பாகு, வாழைப்பழம், ரோஜா, புகை என்று ஒரு பட்டியல் நீளும். மளிகைக் கடையையும் பூக்கடையையும் ஒன்றாகத் திறந்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் உள்ளே போனவை மக்காச்சோளம், ரை என்ற தானியம், பார்லி, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய ஐந்துதான். அப்படியானால் தேங்காய் எங்கிருந்து வந்தது? குடித்தவர் கதை விடுகிறாரா?

இல்லை. அந்தப் பட்டியலில் உள்ள பல வாசனைகளுக்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய மூலக்கூறு இருக்கிறது. அதே சமயம், பாட்டிலின் விலையும் அந்தப் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. எது மூலக்கூறு பேசுவது, எது விலை பேசுவது என்று பிரித்தறிவதுதான் மதிப்பீட்டுக் கலையின் சாரம்.

நான்கெழுத்துச் சமையல் குறிப்பு

குறியீட்டின் முதல் எழுத்தான ‘ஓ’ அந்த வடிப்பாலையைக் குறிக்கும். மூன்றாவதான ‘எஸ்’ ஸ்ட்ரெய்ட் விஸ்கி என்பதைக் குறிக்கும். இரண்டும் மாறுவதில்லை. இரண்டாம் எழுத்து தானியக் கலவை. ‘பி’ என்றால் மக்காச்சோளம் 60%, ரை 35%. ‘இ’ என்றால் மக்காச்சோளம் 75%, ரை 20%. இரண்டிலும் மீதி 5% முளைகட்டிய பார்லி. ரை கூடினால் மிளகும் கிராம்பும் கலந்தாற்போன்ற காரம் கூடும். கடைசி எழுத்து ஈஸ்ட் வகை. அவர்களிடம் ஐந்து வகை ஈஸ்ட் உண்டு. இரண்டு கலவை, ஐந்து ஈஸ்ட். ஆக மொத்தம் பத்துச் செய்முறைகள்.

ஈஸ்ட் மாறினால் அவ்வளவு வித்தியாசம் வருமா என்று கேட்பவர்கள் இட்லி மாவை நினைத்துக்கொள்ளலாம். அதே அரிசி, அதே உளுந்து. ஆனாலும் ஒரு வீட்டு மாவு புளிப்பதுபோல் இன்னொரு வீட்டு மாவு புளிப்பதில்லை. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது கூடவே எஸ்டர்கள் என்ற சேர்மங்களையும் உண்டாக்குகிறது. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர்தான் வாழைப்பழத்துக்கும் அதன் மணத்தைத் தருகிறது. எத்தில் ஹெக்சனோயேட் ஆப்பிளை நினைவூட்டும். ஈஸ்ட் உண்டாக்கும் ஃபினைல் எத்தில் ஆல்கஹால் ரோஜாவில் இருக்கும் அதே பொருள். குறிப்பேட்டில் ‘வாழைப்பழம்’ என்று எழுதியவர் உவமை சொல்லவில்லை, கண்டதைச் சொல்லியிருக்கிறார்.

கருகிய பீப்பாயின் கொடை

போர்பனுக்குச் சட்டம் உண்டு. தானியத்தில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. பீப்பாய்க்குள் ஊற்றும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புதிய ஓக் மரக் கொள்கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 1964இல் போர்பனைத் தன் நாட்டுக்கே உரிய பொருள் என்று அறிவித்தது.

வடித்து எடுக்கும்போது இந்தச் சாராயம் தண்ணீரைப் போல நிறமற்றது. பாட்டிலில் தெரியும் செம்பழுப்பு முழுவதும் மரம் தந்தது. மரத்தின் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது வனிலின் பிறக்கிறது. வனிலாக் காயின் மணத்துக்குக் காரணமானதும் இதுவேதான். ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து சர்க்கரைகளாகி, அவை சூட்டில் பாகுபோல் பழுப்பேறுகின்றன. கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் ஓக்கிலும் இருக்கிறது. புகை வாசனைக்குக் குவாயகால். நாம் தேடிய தேங்காய்? அது ஓக் லாக்டோன் என்ற சேர்மம். அமெரிக்க வெள்ளை ஓக்கில் இது ஐரோப்பிய ஓக்கைவிட அதிகம். மேலே கருகிய கரிப்படலமோ வடிகட்டியாக நின்று, கந்தகச் சேர்மங்களின் நாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

கென்டகியின் கோடை சுடும். குளிர்காலம் உறைய வைக்கும். வெயில் காலத்தில் விரிந்த திரவம் மரத்துக்குள் புகுகிறது. குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் மரத்தின் பொருள்கள் திரவத்தில் கரைகின்றன. கூடவே ஒரு பகுதி ஆவியாகவும் போகிறது. அதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். சுமார் 200 லிட்டர் பிடிக்கும் ஒரு பீப்பாயில் ஆண்டுக்கு 4% ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 13 ஆண்டில் எஞ்சுவது ஏறத்தாழ 118 லிட்டர். 18 ஆண்டில் 96 லிட்டர். பாதிக்கும் மேல் காற்றோடு போயிற்று. பழைய போர்பன் அரிதாக இருப்பதற்கு வியாபார தந்திரம் மட்டும் காரணமல்ல.

ஆனால் வயது கூடக்கூடத் தரமும் கூடும் என்பது பொய்க்கணக்கு. புது ஓக் விடாமல் டானின் என்ற துவர்ப்புப் பொருளையும் இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பாக்கை மென்றதுபோல் நாக்கு இழுக்கும். மூத்த பீப்பாயின் ஆழத்தை எடுத்துக்கொண்டு, அதன் துவர்ப்பை இளைய பீப்பாய்களின் பழ மணத்தால் சமன்செய்வதே கலப்பவரின் திறமை. 18 ஆண்டுச் சரக்கோடு 13 ஆண்டுச் சரக்கு சேரும்போது இந்தச் சமநிலை கைகூடுகிறது.

முகர்வதும் எரிவதும்

சுவைப்பவர்கள் பயன்படுத்துவது வாய் குறுகி அடி அகன்ற துலிப் வடிவக் கண்ணாடிக் கோப்பை. வாசனை சிதறாமல் மேலே குவிவதற்காக அந்த வடிவம். மூக்கை உள்ளே திணிப்பதில்லை. வாயைச் சற்றுத் திறந்தபடி விளிம்பிலிருந்து மெல்ல முகர்கிறார்கள். இழுத்து முகர்ந்தால் ஆல்கஹால் ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும்.

அடுத்தது ஒரு சிறு மிடறு. நாக்கின் சுவை மொட்டுகள் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றைத்தான். வனிலாவும் கிராம்பும் நாக்குக்குத் தெரியாது. வாயின் பின்புறம் வழியாக ஆவி மூக்குக்கு ஏறுவதால்தான் அவை ‘சுவையாக’ உணரப்படுகின்றன. ஜலதோஷம் பிடித்தால் ரசம் சப்பென்று இருப்பதும் இதனால்தான். நம் அறுசுவையில் இருக்கும் கார்ப்பும் துவர்ப்பும் அறிவியல் கணக்கில் சுவை மொட்டுகளின் வேலையே அல்ல. துவர்ப்பு, டானின் உமிழ்நீரின் புரதங்களைத் திரளச் செய்வதால் வரும் தொடுவுணர்வு. கார்ப்பு, வலியையும் சூட்டையும் அறியும் நரம்புகளின் கூச்சல்.

விஸ்கி எரிவதற்கும் மிளகாய் எரிவதற்கும் காரணம் ஒரே ஏற்பிதான். டிஆர்பிவி1 என்ற அந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடலின் சூடே 37 டிகிரி. அதாவது நம் வாயின் சொந்தச் சூடே நமக்குத் தீயாகத் தெரிகிறது! இன்னொரு வேடிக்கை: மிளகாயின் கேப்சைசினை அந்தச் செடி தயாரிப்பது வனிலினிலிருந்துதான். கோப்பையில் மணக்கிற வனிலாவும் மிளகாயின் காரமும் வேதியியலில் நெருங்கிய உறவு.

சில துளி தண்ணீர் விட்டால் மணம் ‘திறக்கும்’ என்று பழைய சுவைஞர்கள் சொல்வதுண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்யோர்ன் கார்ல்சன், ரன் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் இதைக் கணினி மாதிரியில் சோதித்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குவாயகால் மூலக்கூறுகளை ஆல்கஹால் சூழ்ந்து உள்ளேயே வைத்துக்கொள்கிறது. 45 சதவீதம் வரை குறைத்தால் அவை மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. மேற்பரப்புக்கு வந்தது மூக்குக்கும் எட்டும். தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே பாட்டிலில் அடைக்கும் சிறப்புப் பதிப்புகளுக்கு இது முக்கியம்: முதலில் அப்படியே, பிறகு தண்ணீர் விட்டு என இரு முறை மதிப்பிட வேண்டும்.

கோப்பைக்குள் விழும் விலை

மூக்கு இவ்வளவு நுட்பமானது என்றால் அதன் தீர்ப்பை அப்படியே நம்பலாமா? 2001இல் பிரான்ஸிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், ஒயின் கல்வி பயிலும் 54 பேருக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்களோ சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது. 2008இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வில், ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயின் நன்றாக இருப்பதாகச் சொன்னது வாய் மட்டுமல்ல; மூளையில் இன்பத்தை மதிப்பிடும் பகுதியும் அப்போது கூடுதலாக இயங்கியது ஸ்கேனில் தெரிந்தது. ஆக, குடித்தவர் பொய் சொல்லவில்லை. விலை உண்மையாகவே அவருக்கு இனித்தது.

லிமிடெட் எடிஷன் என்ற சொல்லே ஒரு விலைச்சீட்டுதான். எண்ணிக்கை குறைவு, வரிசையில் நிற்க வேண்டும், குலுக்கலில் விழ வேண்டும் என்ற பாடுகளுக்குப் பிறகு கையில் வந்த பாட்டிலைச் சுமார் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இதனால்தான் நேர்மையான மதிப்பீடு முகவரியை மறைத்துவிட்டுத் தொடங்குகிறது. மது ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் 1940களில் உருவாகி, இன்று உணவுத் துறை முழுவதும் பரவியிருக்கும் முக்கோணச் சோதனை மிக எளியது. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடி. அதுவே முடியாதபோது, எது மேல் என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

மதுச் சுவையின் அறிவியலைச் சொன்னால், மது உடலுக்குச் செய்வதைப் பற்றிய அறிவியலையும் சொல்லியாக வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகவே அறிவித்தது. தொழில்முறைச் சுவைஞர்களும் பெரும்பாலும் முகர்ந்தே முடிவெடுக்கிறார்கள். வாயில் வைத்ததைத் துப்பிவிடுகிறார்கள்.

நம் மூக்கின் நேர்மையைச் சோதிக்க மது எதற்கு? இரண்டு கடைகளின் காபித்தூளை வாங்குங்கள். ஒன்று விலை கூடியது, ஒன்று குறைந்தது. வீட்டில் யாரையாவது மூன்று டம்ளரில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டில் ஒரே தூள், ஒன்றில் மற்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு வேறானதைச் சொல்லுங்கள். ஒரு முறை சரியாகச் சொன்னால் பெருமைப்பட வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்து ஆறு முறையும் சரியென்றால் உங்கள் மூக்கை நம்பலாம். அது தற்செயலாக நடப்பதற்கான வாய்ப்பு 729இல் ஒன்றுதான்.