“நீ எழுதுவதை நான்தானே தைக்க வேண்டும்?”

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, என் சித்தி ஓர் இரவு 2 மணி வரை தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். அதற்குக் காரணம் நான். அவருக்காக இணையத்தில் நான் கொடுத்த விளம்பரத்தில் ‘ஒரே நாளில் பிளவுஸ்’ என்று எழுதியிருந்தேன். சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலர் அப்படித்தான் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் போட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். இணையச் சந்தைப்படுத்துதல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால், அந்தப் பாடத்தை நான் உண்மையில் கற்றது ஈசூனில், சித்தி வீட்டு வரவேற்பறையில்தான். நாளை நீங்களும் குடும்பத்தாரின் சிறு தொழிலுக்கோ உங்கள் மன்றத்துக்கோ ஓர் இணையப் பக்கம் அமைக்கக்கூடும். அதனால், செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பலகை வைக்க முடியாத கடை

சித்தி 11 ஆண்டுகளாக வீட்டிலிருந்தே புடவை பிளவுஸ் தைக்கிறார். வீவக வீடுகளில் சிறிய அளவில் தையல் போன்ற தொழில்களைச் செய்யலாம். ஆனால், வீட்டு வாசலில் விளம்பரப் பலகையோ சுவரொட்டியோ வைக்கக்கூடாது. அந்த வீட்டில் வசிக்காத ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆகவே, சித்தியின் கடைக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, உதவியாளரும் இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதுதான் வழக்கம்.

சென்ற ஆண்டு சித்தப்பாவுக்கு ஓவர்டைம் வேலை நின்றுபோனது. தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்த நேரம் அது. “மாசத்துக்கு இன்னும் நாலஞ்சு பேர் வந்தா போதும்மா,” என்றார் சித்தி. மே மாத விடுமுறையில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியைக் கொண்டு அவருக்கு இணையப் பக்கம் ஒன்றை அமைத்தேன். வீட்டு முகவரியைக் காட்டாமல், சேவை வழங்கும் வட்டாரத்தை மட்டும் குறிப்பிட்டு, கூகல் வணிகப் பக்கத்திலும் பதிவு செய்தேன்.

மறுநாளே தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கம் கண்ணிலேயே படவில்லை.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் தேர்வுக்காகப் படித்திருந்தேன். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில், தேடுபொறியின் மென்பொருள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகள் வழியாகச் சென்று படித்துப் பார்க்கிறது. அடுத்து, படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது. யாராவது எதையாவது தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. ஒரு புதிய பக்கம் முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டவே சில நாள்கள், சில வாரங்கள் ஆகலாம். வரிசையில் மேலே வர அதைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

தேர்வில் இதைச் சரியாக எழுதியவள்தான் நான். ஆனால், சித்தி தினமும் “யாராச்சும் பார்த்தாங்களா?” என்று கேட்டபோது பொறுமை போய்விட்டது.

நான் தேடிய குறுக்குவழிகள்

முதலில், ‘சாரி பிளவுஸ் டெய்லர் ஈசூன்’ என்ற ஆங்கிலச் சொற்களை ஒரே பக்கத்தில் 19 முறை எழுதினேன். மனிதர் யாரும் படிக்க முடியாத பத்தி அது. இப்படிச் சொற்களைத் திணிப்பதைக் கூகல் தன் விதிமுறைகளில் தடை செய்துள்ளது. பக்கத்தின் பின்னணி நிரலில் முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் ‘கீவேர்ட்ஸ்’ குறிப்பையும் நிரப்பினேன். இணையத் தேடலை வரிசைப்படுத்த அந்தக் குறிப்பைப் பயன்படுத்துவதில்லை என்று கூகல் 2009லேயே அறிவித்துவிட்டது. நான் படித்தது அதற்கும் முந்திய காலத்து ஆலோசனை.

அடுத்து, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒரு மணி நேரத்தில் 12 கட்டுரைகள் போட்டேன். ‘பிளவுஸ் என்பது புடவையுடன் அணியப்படும் மேலாடை’ என்று ஒரு கட்டுரை தொடங்கியது. அது தெரியாதவர் சித்தியைத் தேடி வரப்போவதில்லை. உள்ளடக்கம் மெலிந்த தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தைக் கூகல் 2011ல் கொண்டுவந்தது. வரிசையில் மேலே வருவதற்காக மட்டுமே பக்கங்களைக் குவிப்பதற்கு எதிரான விதியை 2024ல் கடுமையாக்கியது. மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் இந்த விதி ஒன்றுதான்.

மூன்றாவது தவறை எழுதக் கூச்சமாக இருக்கிறது. உறவுக்காரப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் சொல்லி, கூகலில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை எழுத வைத்தேன். “என் கல்யாண பிளவுஸை இங்கேதான் தைத்தேன்” என்று எழுதியவளுக்கு வயது 16. போலி விமர்சனம் கூகலின் விதிகளுக்குப் புறம்பானது. அது மட்டுமன்று, வாடிக்கையாளரிடம் பொய்யான தகவலைச் சொல்வது சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற வர்த்தக நடைமுறை. அதைப் பற்றி நான் அன்று யோசிக்கவே இல்லை.

கடைசியாக, துணைப்பாட வகுப்பு எடுத்துச் சம்பாதித்த 80 வெள்ளியைத் தேடல் விளம்பரத்தில் போட்டேன். இந்த வகை விளம்பரத்தில், யாராவது அழுத்தினால்தான் பணம் கழியும். எந்தச் சொல்லைத் தேடுவோருக்கு விளம்பரம் தெரிய வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் ‘பிளவுஸ்’ என்று பொதுவாக விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குச் சட்டை வாங்கத் தேடியவர்கள் அழுத்தி அழுத்தியே பாதிப் பணம் கரைந்தது. வேண்டாத சொற்களை விலக்கும் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது. அதைப் பணம் போன பிறகுதான் திறந்து பார்த்தேன்.

முதல் உண்மையான விமர்சனம்

அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அந்த அம்மா வந்தார். மூன்று பிளவுஸ், மறுநாள் மாலை நிகழ்ச்சி. “முடியாதுங்களே,” என்றார் சித்தி. அவர் கைப்பேசியை நீட்டினார். ‘ஒரே நாளில்’ என்று அதில் இருந்தது. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துணியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு பிளவுஸ் நன்றாக வந்தன. மூன்றாவதில், தூக்கக் கலக்கத்தில் ஒரு கையின் அளவு பிசகிவிட்டது. இரண்டு நாள் கழித்து, கூகலில் இரண்டு நட்சத்திரங்களோடு ஒரு விமர்சனம் வந்தது. ‘அவசரமாகத் தைத்தது தெரிகிறது’ என்று அதில் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு வந்த முதல் உண்மையான விமர்சனம் அதுதான்.

சித்தி சத்தம் போடவில்லை. “11 வருஷத்துல எனக்கு இந்தப் பேர் வந்ததில்ல. நீ எழுதுறதை நான்தானேம்மா தைக்கணும்?” என்றார்.

அன்றிரவே விளம்பரத்தை நிறுத்தினேன். ஐவரையும் அழைத்து, அவர்கள் எழுதியதை நீக்கச் சொன்னேன். அந்த அம்மாவின் விமர்சனத்துக்குக் கீழே, சித்தி சொல்லச் சொல்ல பதில் எழுதினேன்: தவறு எங்களுடையது, கட்டணம் இல்லாமல் சரிசெய்து தருகிறோம். அவர் வந்து கையைச் சரிசெய்துகொண்டு போனார். விமர்சனம் இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது.

சித்தியின் அளவு நோட்டு

டிசம்பர் விடுமுறையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இம்முறை கணினியைத் திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை முழுவதும் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைபேசியில் வந்த கேள்விகளை எழுதினேன்.

“ரெடிமேட் பிளவுஸுக்குக் கை வைத்துத் தருவீர்களா?” “அளவு பிளவுஸ் இல்லாமல் வரலாமா?” “பழைய பிளவுஸைப் பிரித்துப் பெரிதாக்க முடியுமா?” “லைனிங் துணி நான் வாங்கி வர வேண்டுமா?” இப்படி 14 கேள்விகள். சித்தியின் அளவு நோட்டின் ஓரங்களிலும் இதே கேள்விகள்தான் கிறுக்கப்பட்டிருந்தன. நான் எழுதியிருந்த 12 கட்டுரைகளில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை.

கேள்விக்கு ஒரு பக்கம் என்று தொடங்கினேன். தலைப்பில் அந்தக் கேள்வியையே வைத்தேன். முதல் வரியிலேயே பதிலைச் சொன்னேன். அதன் பிறகுதான் விளக்கம். ஆங்கிலத்திலும் தமிழிலும் தனித்தனிப் பக்கங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் தமிழில் பேசினாலும் கைப்பேசியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தட்டுகிறார்கள்.

படங்களும் சித்தி மேசையில் எடுத்தவை. ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் விவரம் எழுதினேன். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதைத்தான் படித்துக் காட்டும். தேடுபொறிக்கும் படத்தைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. பெரிய கோப்புகளாக இருந்த படங்களைச் சுருக்கியதும் பக்கம் கைப்பேசியில் வேகமாகத் திறந்தது. வாடிக்கையாளர் முகம் தெரியும் படத்தை, அவரைக் கேட்காமல் போடவில்லை. அளவெடுக்க வாங்கிய தொலைபேசி எண்களுக்கு விளம்பரச் செய்தி அனுப்பவும் இல்லை. தனிநபர் தகவலை எதற்காக வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

பிறகு, ‘சர்ச் கன்சோல்’ என்ற கூகலின் இலவசக் கருவியை இணைத்தேன். மக்கள் எந்தச் சொற்களைத் தட்டியபோது நம் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தினார்கள், வரிசையில் சராசரியாக எத்தனையாவது இடம் என்பதை அது காட்டும். பிப்ரவரியில் அதைப் பார்த்தபோது எனக்கு வியப்பு. ‘டெய்லர்’ என்ற சொல்லில் நாங்கள் எங்கோ பின்னால் இருந்தோம். ஆனால், ரெடிமேட் பிளவுஸுக்குக் கை இணைப்பது பற்றிய பக்கம் முதல் பத்துக்குள் வந்திருந்தது.

ரெடிமேட் பிளவுஸ் பலவற்றில், கைத்துணி தைக்கப்படாமல் உள்ளே தனியாக வைக்கப்பட்டிருக்கும். சித்திக்கு அது 20 நிமிட வேலை. “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று அவர் சிரித்த வேலை. தேக்காவில் பிளவுஸ் வாங்கிய ஒரு சீனப் பெண், தோழியின் திருமணத்துக்கு முதல் நாள் எங்களைத் தேடி வந்தார். எங்கள் பக்கத்திலிருந்த படத்தைக் காட்டி, “என்னிடம் இருப்பதும் இதேதான்,” என்றார். அவர் காத்திருக்கும்போதே தைத்துக் கொடுத்தார் சித்தி.

கூகலைத் தொடங்கிய லேரி பேஜும் செர்கே பிரினும் 1990களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை, ஒருவகைப் பரிந்துரையாக எண்ணினார்கள். இன்று தேடுபொறி எத்தனையோ அம்சங்களைப் பார்க்கிறது. ஆனாலும் ‘ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவது’ என்ற சித்தியின் பழைய வழக்கத்திலிருந்து அது அதிகம் விலகவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

வீட்டில் யாராவது பலகாரம் விற்கிறார்களா, அலங்காரம் செய்கிறார்களா, இசை சொல்லித் தருகிறார்களா? முதலில் வாடிக்கையாளர்கள் கேட்கும் பத்துக் கேள்விகளை அவர்கள் சொல்லும் அதே வார்த்தைகளில் எழுதுங்கள். தொழில் செய்பவரிடமே பதில் கேளுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் போதும். பெயர், தொலைபேசி எண், நேரம் ஆகியவை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருக்கட்டும். விளம்பரத்துக்குச் செலவிடுவதாக இருந்தால், விலக்க வேண்டிய சொற்களை முதலில் பட்டியலிட்டு, நாள் வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பொறுத்திருங்கள். எதை வெளியிடும் முன்பும், அந்த வாக்கைக் காப்பாற்றப் போகிறவர் அதைப் படித்தாரா என்று பாருங்கள்.

சித்திக்கு இப்போது மாதத்துக்கு ஆறேழு புதியவர்கள் வருகிறார்கள். முகப்புப் பக்கத்தில் அவரே சொல்லி எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன: ‘பட்டு பிளவுஸுக்கு 10 நாள் வேண்டும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் புதிய வேலை எடுப்பதில்லை.’ இதைப் படித்தால் வருகிறவர்களும் போய்விடுவார்களே என்று பயந்தேன். அப்படி நடக்கவில்லை. நாள் கணக்குப் பார்த்து முன்கூட்டியே அழைக்கிறார்கள்.

போன வாரம் ஒரு புதிய பக்கத்தை அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். ‘கச்சிதமாகத் தைத்துத் தரப்படும்’ என்ற இடத்தில் நின்றார்.

“அளவு பிளவுஸ் கொண்டு வந்தா’ன்னு முன்னால சேர்த்துக்கோ.”

சேர்த்துவிட்டுத்தான் வெளியிட்டேன்.