'சூத்ரா' நடனத்தின் மரப்பெட்டிகள்: உறுதியும் நகர்வும்

நடன மேடையில் இடம்பெறும் பொருள்களைக் குறியீடுகளாக வாசிப்பதே ஆய்வுலகில் பெருவழக்கு. அப்பொருள் ஆடுநரின் எடையைத் தாங்குமா, தள்ளினால் நகருமா, சாயுமா என்னும் வினாக்கள் தச்சருக்கு உரியவை என ஒதுக்கப்படுகின்றன. அவ்வாறு ஒதுக்குவது பொருந்தாது என்பதற்கு, 2008இல் இலண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அரங்கேறிய 'சூத்ரா' தக்க சான்றாகும்.

சிடி லார்பி செர்காவி அமைத்த இந்நடனத்தில் ஷாவோலின் துறவியர் ஆடுகின்றனர். சிற்பி ஆண்டனி கோர்ம்லி வடிவமைத்த 21 மரப்பெட்டிகள், ஓர் ஆள் உள்ளே நிற்கத்தக்கவை. ஒரு பக்கம் திறந்தவை. அவை சுவராகின்றன, படகாகின்றன, தாமரையாக விரிகின்றன, வரிசையாகச் சரிந்தும் விழுகின்றன. அவற்றை நகர்த்துவோரும் ஆடுநர்களே.

இத்தகைய பெட்டியின் இயல்பை எளிய கணக்கால் விளக்கலாம். அடி 60 செ.மீ., உயரம் 180 செ.மீ. எனக் கொள்வோம் (இவை விளக்கத்துக்கான அளவுகளே). எடைமையம் நடுவில் இருந்தால், ஏறத்தாழ 18 பாகை சாய்ந்ததும் பெட்டி கவிழும். தரையுடனான உராய்வுக் கெழு 0.4 எனில், 75 செ.மீ. உயரத்துக்குக் கீழே தள்ளும்போது வழுக்கி நகரும். அதற்கு மேலே தள்ளினால் சாயும். ஆகவே ஆடுநர் குனிந்து தள்ளுவது அழகியல் தேர்வு மட்டுமன்று. முன்பக்கம் திறந்திருப்பதால் எடைமையம் பின்பலகையை நோக்கி ஒதுங்குகிறது. பின்புறமாகக் கவிழ்வது இன்னும் எளிது.

உறுதியைப் பொறுத்தவரை, திறந்த பெட்டிக்குப் பெரும்பகை எடையன்று, கோணலே. பக்கவாட்டு விசையால் சட்டம் இணைகரமாக நெளியும். அதனைத் தடுப்பது பின்பலகை. எனவே அப்பலகையை விளிம்பு முழுவதும் பசையிட்டு, நெருக்கமாகத் திருகாணிகளால் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால், தொடர்ந்த ஆட்டத்தில் அது தளர்ந்துவிடும். குதித்து இறங்கும் ஆடுநர் தம் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தருவதால், மேற்பலகைக்குக் குறுக்குக்கட்டை தேவை. பூட்டுள்ள சக்கரங்கள் மேடைத்தளங்களுக்கு ஏற்றவை. புரட்டி ஆடும் பெட்டியிலோ எப்பக்கமும் அடிப்பக்கம் ஆகலாம். அங்கே சக்கரத்துக்கு இடமில்லை.

செர்காவி மேடையில் சிறு மாதிரிப் பெட்டிகளை அடுக்க, பெரியவையும் அவ்வாறே அமைகின்றன. இரண்டின் வடிவம் ஒன்றே. ஆயினும் ஒரே பொருளால் ஒரே விகிதத்தில் செய்த பெட்டி பத்து மடங்கு பெருத்தால், எடை ஆயிரம் மடங்காகும். விரலால் சாய்த்த பெட்டியைத் துறவி தம் முழு உடலையும் கொடுத்துச் சாய்க்க வேண்டியுள்ளது.